வேதநாயகம் சாஸ்திரியார்

வேதநாயகம் சாஸ்திரியார் (செப்டம்பர் 7, 1774 - சனவரி 24, 1864) தஞ்சாவூரில் வாழ்ந்த தமிழ்க் கிறித்தவக் கவிஞரும் இசைப் பாடலாசிரியரும் ஆவார். சுவிசேடக் கவிராயர் என்ற பட்டத்தால் அறியப்பட்டவர். பெத்லகேம் குறவஞ்சி இவரது புகழ்பெற்ற நூலாகும். தம் சபையில் புதிதாக வந்த போதனைகளுள் எதை ஏற்பது, எதை மறுப்பது என்ற வழக்கில் ஐரோப்பிய மறைபரப்புனரையே எதிர்த்து நின்றவர் இவர். பிரதாப முதலியார் சரித்திரம் எழுதிய மாயூரம் வேதநாயகம் பிள்ளை (1826-1889) வேறொருவர்.

பிறப்பும் கல்வியும்

இவர் திருநெல்வேலிப் பகுதியில் வேளாளக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். தந்தை தேவசகாயம், கத்தோலிக்கராக இருந்து பின் சீர்திருத்தத் திருச்சபையில் சேர்ந்தவர். 1785 ஆம் ஆண்டு திருநெல்வேலிக்கு வந்த செருமானிய மறைபரப்புனர் சுவார்ட்சு, சிறுவனின் அறிவுக்கூர்மையைக் கண்டு தம்முடன் தஞ்சாவூருக்கு அழைத்துச் சென்றார். பின்னாளில் தஞ்சை மன்னரான இரண்டாம் சரபோசியும் சுவார்ட்சின் பாதுகாப்பில் வளர்ந்தவரே. வேதநாயகம் தரங்கம்பாடியில் இறையியலும் அறிவியலும் பயின்று, 1794 இல் தஞ்சாவூர் மிசன் பள்ளியின் தலைமையாசிரியரானார். அப்போது அவருக்கு வயது இருபதுகூட நிறையவில்லை.

சுவார்ட்சு 1798 இல் காலமானார். இவரது பிற்கால வழக்குகள் அனைத்திலும் சுவார்ட்சின் காலமே அளவுகோலாக நின்றது என்பதால் அந்த ஆண்டு முக்கியமானது.

பின்னணி

தரங்கம்பாடிக் கடற்கரையிலிருந்து மாயூரம், கும்பகோணம், வலங்கைமான் வழியே தஞ்சைக் கோட்டை வரை பரந்த காவிரி நெல்வயல் நாட்டில், மெய்ப்போதகம் எது, பொய்ப்போதகம் எது என்ற சண்டை இவருக்கு இரு தலைமுறை முன்பே தொடங்கியிருந்தது. தரங்கம்பாடி லுத்தரன்களை மறுத்து, ஏலாக்குறிச்சியில் பணியாற்றிய வீரமாமுனிவர் பேதகமறுத்தல், லுத்தேரினத்தியல்பு ஆகிய நூல்களை எழுதினார். அது இரு சபைகளுக்கு இடையிலான போர். வேதநாயகத்தின் போரோ ஒரே சபைக்குள் நிகழ்ந்தது; அதனாலேயே கசப்பு மிகுந்திருந்தது.

நூல்கள்

1800 இல் இயற்றப்பட்ட பெத்லகேம் குறவஞ்சி, குறவஞ்சி இலக்கியத்தின் உறுப்புகளை விடாமல் கிறித்தவப் பொருளைக் கூறுவது. தலைவி தேவமோகினி பெத்லகேம் நாதர்மீது காதல் கொள்கிறாள். கோப்பர்னிக்கசின் வானியலும் உலக நாடுகளின் புவியியலும் இந்நூலில் இடம்பெறுவது வியப்புக்குரியது. குறி, சகுனம், நல்ல நேரம் பார்த்தல் போன்ற நம்பிக்கைகளைச் சாடும் சாத்திரக் கும்மி, ஞானத்தச்ச நாடகம், செபமாலை முதலியனவும் இவருடையவை. திருமுழுக்குப் பெற்ற பிறகும் பழைய நம்பிக்கைகளை விடாத கிறித்தவர்களையும் சாத்திரக் கும்மி விட்டுவைக்கவில்லை. நூல் எழுதியதோடு நில்லாமல், ஊர் ஊராகச் சென்று கதாகாலட்சேப முறையில் தம் பாடல்களைப் பாடிப் பொருள் கூறினார்.

புதிய போதகர்களுடன் பிணக்கு

1820களில் தஞ்சாவூர் சபைப் பொறுப்பு ஆங்கிலிக்கச் சங்கங்களின் இளைய மறைபரப்புனரிடம் சென்றது. அவர்கள் செய்த நான்கு மாற்றங்களைக் கொடுமைகள் என்றே வேதநாயகமும் அவரைச் சார்ந்தோரும் அழைத்தனர்: வேதாகமத் தமிழைத் திருத்தியது, சாதியாரை வற்புறுத்திக் கலந்தது, திருமணத்திலும் சாவிலும் திருநாளிலும் மலர்களை விலக்கியது, வழிபாட்டில் தமிழ்க் கீர்த்தனைகளைத் தடுத்தது.

வேதாகமத் திருத்தத்தை முன்னின்று நடத்தியவர் இரேனியசு. பேச்சுக்கு நெருங்கிய, பிழையற்ற தமிழில் வேதம் இருக்கவேண்டும் என்பது அவர் நோக்கம். ஆனால் பெப்ரிசியசின் மொழிபெயர்ப்பு அதற்குள் செபமாகவும் பாட்டாகவும் மக்கள் நாவில் ஊறிவிட்டிருந்தது. நேற்றுவரை இறைவாக்கு என்று ஓதிய சொல்லை இன்று பிழை என்றால், நாளை எதை நம்புவது என்ற ஐயம் எளியவர் மனத்தில் எழும் என வேதநாயகம் வாதிட்டு, புதுத் திருத்தலின் கூகுரல் என்னும் நூலை எழுதினார். வாதம் முற்றிலும் வீண்போகவில்லை. 1871 இல் நிறைவுற்ற பவர் குழுவின் திருத்தம் பெப்ரிசியசின் மொழிபெயர்ப்பையே அடிப்படையாகக் கொண்டது.

சாதிச் சிக்கல் அவ்வளவு எளிதன்று. கோயிலில் வேளாளர் ஒருபுறமும் ஒடுக்கப்பட்டோர் மறுபுறமும் அமர்வதும், நற்கருணையை முன்பின்னாகப் பெறுவதும் சுவார்ட்சு காலத்தில் பொறுத்துக்கொள்ளப்பட்டன. சாதி உலக வழக்கமேயன்றி மதக் கொள்கை அன்று. ஐரோப்பியருக்குள்ளும் மேல் கீழ் உண்டு. பழைய குருமார் விதிக்காததைப் புதியவர் விதிப்பது சுவிசேடம் ஆகாது என்பது வேதநாயகத்தின் நிலைப்பாடு. சகுனம் பார்ப்பதை மூடநம்பிக்கை என்று துணிந்து ஒதுக்கிய அதே அறிவு, தம் சாதியின் உயர்வை மட்டும் வெறும் வழக்கம் என்று காத்தது இவர் சிந்தனையிலுள்ள பெரிய முரண்பாடாகும். மறுபுறத்தில் அமர்ந்தோரின் கருத்தை இவர் எழுத்துகளில் காண்பது அரிது.

எதிர்ப்பின் விலையாக 1829 ஆம் ஆண்டளவில் இவர் மிசன் பணியை இழந்தார். சரபோசி இவரைத் தம் அவைப் புலவராக்கி ஆதரித்தார். பிற தெய்வத்தைப் போற்றிப் பாடும்படி மன்னர் கேட்டபோது இவர் மறுத்துவிட்டதாகக் குடும்ப மரபில் கூறப்படுகிறது. 1832 இல் மன்னர் மறைந்தபின் அரண்மனை ஆதரவு நீடிக்கவில்லை.

1833 இல் கல்கத்தா ஆயர் தானியேல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாடு அறவே ஒழியவேண்டும் எனச் சுற்றுமடல் அனுப்பினார். தஞ்சாவூரில் வேளாளக் கிறித்தவர் பலர் கோயிலுக்கு வருவதை நிறுத்திக்கொண்டனர். 1835 தொடக்கத்தில் ஆயர் நேரில் வந்தும் பிளவு முழுமையாக ஆறவில்லை. 1840களில் தரங்கம்பாடிக்கு வந்த லைப்சிக் மிசன் சாதி வழக்கில் மென்மையாக நடந்துகொண்டதால், விலகியவர்களுள் பலர் அதில் சேர்ந்தனர்.

பிற்காலம்

சாஸ்திரியார் தம் 89 ஆம் வயதில் தஞ்சாவூரில் காலமானார். தடுக்கப்பட்ட கீர்த்தனைகளோ பிற்காலத்தில் அச்சுப் பாடல்நூல்களில் இடம்பெற்று, சபை வேறுபாடின்றித் தமிழ் ஆலயங்களில் பாடப்படுகின்றன. இவரது வழித்தோன்றல்கள் தலைமுறை தலைமுறையாகச் சாஸ்திரியார் என்ற பெயரைத் தாங்கி இசைக் காலட்சேபம் நடத்திவந்தனர்.