ஒரே புரோகிராம் எல்லா கம்ப்யூட்டரிலும் ஓட வேண்டும்: யார் இந்த கிரேஸ் ஹாப்பர்?

1950-களின் நடுப்பகுதி. அமெரிக்காவின் பிலடெல்பியா. கம்ப்யூட்டர் தயாரிக்கும் ரெமிங்டன் ராண்ட் நிறுவனத்தில், ஆங்கில வார்த்தைகளில் எழுதிய ஒரு புரோகிராமை மேலதிகாரிகளுக்குக் காட்டுகிறது ஒரு குழு. அதோடு நிற்கவில்லை. அதே புரோகிராமை பிரெஞ்சு வார்த்தைகளிலும், பிறகு ஜெர்மன் வார்த்தைகளிலும் மாற்றிக் காட்டுகிறது. கைதட்டல் கிடைத்திருக்க வேண்டும். ஆனால் அதிகாரிகள் பதறிப்போனார்கள். அமெரிக்காவில் தயாரான மெஷினுக்கு பிரெஞ்சும் ஜெர்மனும் எப்படிப் புரியும்? இது நடக்காத காரியம் என்றார்கள். ஆங்கிலம் மட்டும்தான் என்று உறுதி கொடுத்த பிறகே திட்டம் நகர்ந்தது.

அந்தக் குழுவின் தலைவர் கிரேஸ் ஹாப்பர். இந்தக் கதையை அவர் பின்னாளில் சிரித்துக்கொண்டே பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். கம்ப்யூட்டருக்கு ஆங்கிலமும் தெரியாது, பிரெஞ்சும் தெரியாது. எல்லாமே அதற்கு வெறும் குறியீடுகள். வார்த்தைப் பட்டியலை மாற்றினால் மொழி மாறிவிடும், அவ்ளோதான். இன்று மென்பொருளின் பிழைச் செய்திகளைத் தனிக் கோப்பில் வைத்து மொழிக்கு மொழி மாற்றுகிறார்களே, அதன் அடிப்படையும் இதுதான்.

கணக்கு டீச்சர், கடற்படை அதிகாரி

1906 டிசம்பர் 9 அன்று நியூயார்க்கில் பிறந்தவர். 1934-ல் யேல் பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் முனைவர் பட்டம். வாசர் கல்லூரியில் பேராசிரியர் வேலை. இரண்டாம் உலகப் போர் வந்ததும் கடற்படையில் சேரப் போனார். வயது அதிகம், எடை குறைவு என்று தயங்கினார்கள். சிறப்பு அனுமதி வாங்கி சேர்ந்தார். 1944-ல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இருந்த, சுமார் 51 அடி நீள மார்க் 1 கம்ப்யூட்டரிடம் அனுப்பப்பட்டார்.

(கம்ப்யூட்டருக்குள் விட்டில் பூச்சி சிக்கியதால்தான் 'பக்' என்ற சொல்லே வந்தது என்று இவர் பெயரில் வாட்ஸ்அப்பில் சுற்றும் கதையைப் பாதிதான் நம்பலாம். 1947-ல் பூச்சி சிக்கியது நிஜம். ஆனால் அந்தச் சொல் எடிசன் காலத்திலேயே இருந்தது.)

அப்போது புரோகிராம் எழுதுவது என்றால் எண்களாக எழுதுவது. ஒரு மெஷினுக்கு எழுதியது இன்னொன்றில் ஓடாது. மெஷினை மாற்றினால் எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுத வேண்டும். இந்த வீண் வேலைதான் ஹாப்பரை உறுத்தியது. 1952-ல் ஏ-0 என்ற கம்பைலரை உருவாக்கினார். கம்ப்யூட்டர் கணக்கு மட்டும்தான் போடும், புரோகிராம் எழுதாது என்று பலர் நம்பவே இல்லை. அடுத்து வந்த ஃப்ளோ-மேட்டிக்தான் ஆங்கில வார்த்தைகளில் எழுத வைத்தது.

கோபால் செய்த வேலை

1959-ல் அமெரிக்க ராணுவத் தலைமையகமான பென்டகனில் கம்ப்யூட்டர் நிறுவனங்களும் அரசுத் துறைகளும் கூடின. எல்லா மெஷினுக்கும் பொதுவாக ஒரு மொழி வேண்டும் என்பது கோரிக்கை. அப்படிப் பிறந்தது கோபால். அதை வடிவமைத்தது ஒரு குழு. ஹாப்பர் அதில் ஆலோசகர்தான், ஒற்றை ஆளாக உருவாக்கினார் என்பது மிகை. ஆனால் அடித்தளம் அவருடைய ஃப்ளோ-மேட்டிக்.

கோபாலில் ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. புரோகிராமை நான்கு பகுதியாகப் பிரித்தார்கள். அதில் ஒன்று, எந்த கம்ப்யூட்டரில் ஓடப்போகிறது, கோப்புகள் எந்தச் சாதனத்தில் இருக்கின்றன என்பதை மட்டும் சொல்லும். மெஷின் மாறினால் பெரும்பாலும் அந்தப் பகுதியைத் திருத்தினால் போதும் என்பது எண்ணம். இன்று ஒரே மென்பொருளை லினக்ஸ், விண்டோஸ், மேக் எல்லாவற்றிலும் ஓட வைக்க, மெஷின் சார்ந்த விஷயங்களை மேக்ரோக்களாகத் தனியே ஒதுக்கி, பில்ட் செய்யும்போது தேர்ந்தெடுக்கிறார்கள். வழி வேறு, சிந்தனை ஒன்றுதான்.

1960 டிசம்பரில் ஒரே கோபால் புரோகிராம் ஆர்.சி.ஏ. 501, யூனிவாக் 2 என்ற இரு வேறு நிறுவன கம்ப்யூட்டர்களில், மிகச் சில மாற்றங்களோடு ஓடியது.

அப்புறம்தான் தலைவலி. ஒவ்வொரு நிறுவனமும் தன் கம்பைலரில் சொந்தச் சரக்கைச் சேர்க்கத் தொடங்கியது. பெயர் கோபால், ஆனால் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது. 1966 இறுதியில் ஹாப்பருக்குக் கடற்படை ஓய்வு கொடுத்தது. 1967 ஆகஸ்டில் ஆறு மாதத்துக்கு என்று திரும்பக் கூப்பிட்டது, இந்தக் குழப்பத்தைச் சரிசெய்ய. ஆறு மாதம் வருடக்கணக்கில் நீண்டது. கம்பைலர் உண்மையிலேயே தரநிலைப்படி இருக்கிறதா என்று சோதிக்கும் புரோகிராம்களை அவரது குழு எழுதியது. நிறுவனத்தின் வாய்வார்த்தையை நம்பாமல் ஓட்டிப் பார்த்து முடிவு செய்யும் முறை அது. ஆங்கிலம் மட்டும் என்ற அன்றைய நிபந்தனையைவிட, இதுதான் பெரிய சண்டை என்று சொல்லலாம்.

1986 ஆகஸ்டில் 79 வயதில், ரியர் அட்மிரலாக, பாஸ்டனில் நிற்கும் பழம்பெரும் போர்க்கப்பலான கான்ஸ்டிடியூஷனில் நடந்த விழாவில் ஓய்வுபெற்றார். வீட்டில் உட்காரவில்லை, டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தில் ஆலோசகராகச் சேர்ந்தார். 1992 ஜனவரி 1 அன்று காலமானார். ஆர்லிங்டன் தேசியக் கல்லறையில் ராணுவ மரியாதையோடு அடக்கம் நடந்தது.