கடன் தீர்த்த கலைஞர்: சத்யஜித் ரே

திரைப்பட இயக்குநர் என்ற அளவில் சத்யஜித் ரேயை அறியாத இலக்கிய அன்பர் அரியர். ஆனால் அவர் 1943 முதல் 1956 வரை கல்கத்தாவில் ஆங்கிலேய விளம்பர நிறுவனம் ஒன்றில் மாதச் சம்பளத்துக்கு ஓவியம் வரைந்தவர் என்பதை அறிந்தோர் சிலரே. அப்பதின்மூன்று ஆண்டுகளை ஒதுக்கிவிட்டு அவர்தம் கலையைப் புரிந்துகொள்ள இயலாது. அவர் வாழ்வைத் தொடர்ந்து நோக்குவார்க்கு ஓர் உண்மை புலப்படும். தம் வாழ்வில் நேர்ந்த ஒவ்வோர் இழப்பையும் அவர் ஒரு கடனாகக் கருதினார். பிற்காலத்தில் அக்கடனைத் தம் படைப்பால் தீர்க்க முயன்றார். சில கடன்களை உரிய காலத்தில் தீர்த்தார். சிலவற்றைக் காலந்தாழ்த்தே தீர்க்க முடிந்தது.

மரபும் இழப்பும்

1921ஆம் ஆண்டு மே 2ஆம் நாள் ரே பிறந்தார். அவர் பிறந்த இல்லத்தின் கீழ்த்தளத்தில் அச்சகம் இயங்கியது. பாட்டனார் உபேந்திரகிஷோர் குழந்தை இலக்கியவாதி. அச்சுப்படங்களுக்கான நுண்புள்ளி அச்சுக்கட்டைகள் செய்யும் முறையில் தம் ஆய்வுகளால் மேனாட்டாரும் மதிக்க விளங்கியவர். 1913இல் 'சந்தேஷ்' என்னும் சிறுவர் இதழைத் தொடங்கியவர். தந்தை சுகுமார், வங்காளத்து நகைச்சுவைப் பாடல்களுக்குத் தனி இலக்கணம் வகுத்த கவிஞர், ஓவியர். காலா அசார் நோயுற்று 1923இல் அவர் மறைந்தபோது மகனுக்கு வயது இரண்டரை. கவிஞர் தம் கையாலேயே ஒழுங்குசெய்து வைத்திருந்த 'ஆபோல் தாபோல்' நூல், அவர் மறைந்த சில நாட்களுக்குப் பின்னரே வெளிவந்தது.

கங்கைக் கரை வீடொன்றில் சாளரத்தருகே தந்தை ஓவியம் தீட்டிக்கொண்டிருந்ததும், ஆற்றில் நீராவிக் கப்பல் செல்வதை அவர் சொல்லக் கேட்டுத் தாம் முற்றத்துக்கு ஓடிக் கண்டதுமே ரேயின் நெஞ்சில் எஞ்சிய நினைவு. அச்சகம் கடனில் மூழ்கிக் கைவிட்டுப் போயிற்று. அன்னை சுப்ரபா மகனுடன் தம் உடன்பிறந்தார் இல்லத்தில் தங்கி, பெண்களுக்குத் தையல் கற்பித்து அவரை வளர்த்தார்.

பாதியில் நின்ற கல்வி

மாநிலக் கல்லூரியில் பொருளியல் பயின்று பட்டம் பெற்ற ரேக்கு விளம்பர ஓவியராக வேண்டும் என்பதே விருப்பம். மேனாட்டிசையிலும் அமெரிக்கத் திரைப்படங்களிலும் திளைத்திருந்த அவர், அன்னையின் விருப்பத்துக்கு இணங்கியே 1940இல் சாந்திநிகேதனத்துக் கலாபவனத்தில் சேர்ந்தார். அங்கு நந்தலால் போஸ் அவருக்குக் கோட்டின் உயிரை உணர்த்தினார். வினோத் பிஹாரி முகர்ஜி மாணவர் விடுதியின் உட்கூரையில் தீட்டியிருந்த பேரோவியம் அவரைப் பெரிதும் ஆட்கொண்டது. அஜந்தா, எல்லோரா குகைகளை நேரிற் கண்ட பயணம் இந்தியக் கலையின் வாயிலைத் திறந்துவிட்டது.

எனினும் நுண்கலை ஓவியராகும் ஆற்றல் தமக்கில்லை என்று கருதி, ஐந்தாண்டுப் படிப்பை 1942 இறுதியில் பாதியிலேயே விட்டுக் கல்கத்தா திரும்பினார். தாம் அங்குப் பெற்றது எத்துணைப் பெரிது என்பதைப் பின்னரே உணர்ந்தார்.

விளம்பரக் கலைஞர்

1943 ஏப்ரலில் டி.ஜே. கீமர் நிறுவனத்தில் மாதம் 80 ரூபாய் ஊதியத்தில் இளநிலை வரைஞராகச் சேர்ந்தார். அங்கு மூத்த ஓவியரான அன்னதா முன்ஷி, ஆங்கிலேய விளம்பரங்களைப் படியெடுக்காது இந்திய மண்ணுக்குரிய உருவங்களை விளம்பரத்தில் புகுத்த முயன்றவர். அவ்வழியில் ரேயும் நின்றார். மலேரியா மருந்து விளம்பரத்தில்கூட வங்காளக் குடும்பத்தின் முகங்களைக் கொணர்ந்தார். சில ஆண்டுகளில் அங்கேயே கலை இயக்குநராகவும் உயர்ந்தார்.

இதே காலத்தில் டி.கே. குப்தா தொடங்கிய சிக்னெட் அச்சகத்துக்கு அவர் வரைந்த நூலட்டைகள் வங்கப் பதிப்புலகின் போக்கையே மாற்றின. நேருவின் 'கண்டுணர்ந்த இந்தியா' ஆங்கில மூலத்தின் முதற்பதிப்புக்கு அட்டை வரைந்தவரும் இவரே. ஜிம் கார்பெட்டின் வேட்டை நூலின் வங்க மொழிபெயர்ப்புக்கு முன்னட்டையையும் பின்னட்டையையும் புலித்தோலாகவே தீட்டினார். முன்புறம் குண்டு புகுந்த சிறு துளை, பின்புறம் அது வெளியேறிய பெருந்துளை. நூலின் பொருள் முழுவதையும் இரு துளைகளில் உணர்த்திய இந்தச் சிக்கனமே பின்னர் அவர் திரைக்காட்சிகளின் இலக்கணமாயிற்று.

விபூதிபூஷண் பந்தோபாத்யாயரின் 'பாதேர் பாஞ்சாலி' நாவலின் சிறுவர் பதிப்புக்குப் படம் வரையும் பணியும் அவருக்கு அங்குதான் கிட்டியது. வரைந்த படங்கள் அவர் நெஞ்சில் திரைப்படமாக ஓடத் தொடங்கின.

ஞாயிற்றுக்கிழமைத் திரைப்படம்

1947இல் சிதானந்த தாஸ்குப்தா முதலிய நண்பர்களுடன் கல்கத்தாத் திரைப்படக் கழகத்தை ரே நிறுவினார். 1949இல் பிரெஞ்சு இயக்குநர் ழான் ரெனுவார் தம் படத்துக்கு இடம் தேடி வங்காளம் வந்தபோது உடன் சென்று ஊக்கம் பெற்றார். 1950இல் நிறுவனம் அவரை லண்டனுக்கு அனுப்பியது. அங்குச் சில மாதங்களில் ஏறத்தாழ நூறு படங்கள் பார்த்தார். அவற்றுள் இத்தாலியரான டி சிகாவின் 'பைசிக்கிள் தீவ்ஸ்', அரங்கமும் பெருநடிகரும் இன்றிப் படமெடுக்கலாம் என்ற துணிவைத் தந்தது.

1952 அக்டோபர் 27ஆம் நாள் நாணல் பூத்த வெளியில் முதற்காட்சி படமாயிற்று. அலுவலகப் பணியை விடாமல் விடுமுறை நாட்களில் மட்டுமே படப்பிடிப்பு நடத்த முடிந்தது. அடுத்த ஞாயிறு சென்று பார்த்தபோது நாணற்பூக்களையெல்லாம் மாடுகள் மேய்ந்துவிட்டிருந்தன! மறுபடி பூக்கும் பருவத்துக்காக ஓராண்டு காத்திருந்தார். காப்புறுதிப் பத்திரத்தையும் மனைவியின் நகைகளையும் ஈடுவைத்தார். அன்னையின் தோழி ஒருவர் வழியே முதலமைச்சர் பி.சி. ராயின் செவிக்குச் செய்தி எட்டியது. 'பாதேர்' என்னும் சொல் பாதையைக் குறித்தமையால் சாலைத்துறைக் கணக்கில் அரசுப் பணம் கிடைத்தது. 1955இல் படம் வெளிவந்தது. 1956இல் கான் விழாவில் பரிசு பெற்றது. அதன் பின்னரே மாதச் சம்பளத்தைத் துறந்தார். மகனின் புகழைக் கண்ட பின்னரே, 1960இல் அன்னை மறைந்தார்.

தீர்த்த கடன்கள்

1961இல், நின்றுபோயிருந்த 'சந்தேஷ்' இதழை ரே மீண்டும் உயிர்ப்பித்தார். அதனை நிரப்பவே நாற்பதாம் வயதில் எழுதத் தொடங்கினார். துப்பறியும் ஃபெலூதாவும் அறிவியலறிஞர் ஷோங்குவும் அவ்விதழ் தந்த கொடைகள். பாட்டனாருக்குரிய கடன் இவ்வாறு தீர்ந்தது. 1957இல் கண்பார்வையை முற்றிலும் இழந்தும் படைப்பதை நிறுத்தாத ஆசிரியர் வினோத் பிஹாரியைப் பற்றி 1972இல் ஆவணப்படம் எடுத்தார். பாதியில் விட்டுவந்த மாணவர் தம் ஆசானுக்குச் செலுத்திய குருகாணிக்கை அது. தந்தையைப் பற்றிய படம் 1987இல், சுகுமாரின் நூற்றாண்டில் வந்தது. நினைவில் முகம் பதியாத தந்தையை நூல்களிலும் ஓவியங்களிலும் தேடிய முயற்சி அது.

தமிழர்க்கு உரிய கடன் ஒன்றும் உண்டு. 1935இல் பதினான்கு வயதுச் சிறுவராகக் கல்கத்தாவில் பாலசரஸ்வதி அம்மையாரின் ஆடலைக் கண்டு ரே வியந்தார். 1966இல் அவரைப் படமாக்க எண்ணியும் நிறைவேறவில்லை. தமிழ்நாடு அரசும் பம்பாய் தேசிய நிகழ்கலை மையமும் துணைநிற்க 1976இல் 'பாலா' உருவானபோது அம்மையாருக்கு வயது 58. கடற்காற்றில் கண்ணனை அழைக்கும் அபிநயத்தைப் பார்ப்போர் கண் கலங்குவர். ஆயினும் அவரது உச்ச காலத்து ஆடல் பதிவாகாமற் போயிற்றே என்ற ஏக்கமும் உடன் எழும். பத்தாண்டு முன்னரே எடுத்திருக்கலாமே என்னும் வருத்தம் ரேக்கும் இருந்தது.

1967இல் ஹாலிவுட் நிறுவனத்துக்காக எழுதிய வேற்றுக்கோள் வாசியின் கதை படமாகவில்லை. மகாபாரதத்தைத் திரைக்குக் கொணரும் எண்ணமும் எண்ணமாகவே நின்றது. 1983இல் வந்த இதயநோய் அவரை வெளிப்புறப் படப்பிடிப்பிலிருந்து விலக்கியது. 1992இல் ஆஸ்கார் சிறப்பு விருதை மருத்துவமனைக் கட்டிலிலேயே பெற்றார். ஏப்ரல் 23ஆம் நாள் மறைந்தார்.

நம் இலக்கிய வட்டம் பத்தாண்டு நிறைவு காணும் இவ்வேளையில் ரேயின் வாழ்வை எண்ணக் காரணம் உண்டு. அவர் கலை வளர்ந்தது நண்பர் சிலர் கூடிய சிறு கழகத்திலும், அலுவலகம் விட்ட பின் எஞ்சிய மாலைகளிலுந்தான். நம் ஊர்களிலும் ஆடுவோர், பாடுவோர், கதை சொல்வோர் மூப்பெய்திக்கொண்டிருக்கின்றனர். அவர்களைப் பதிவுசெய்யும் கடன் நமக்குண்டு. 'பாலா' படத்துக்கு நேர்ந்த பத்தாண்டுத் தாமதம் நம் பணிக்கும் நேராதிருக்கட்டும்.