கென்னத் ஆண்டர்சன்

கென்னத் டக்ளஸ் ஸ்டீவர்ட் ஆண்டர்சன் (மார்ச் 8, 1910 – ஆகஸ்ட் 30, 1974) பெங்களூரில் வாழ்ந்த வேட்டையாளரும் ஆங்கில எழுத்தாளரும் ஆவார். தென்னிந்தியக் காடுகளில் ஆட்கொல்லிப் புலிகளையும் சிறுத்தைகளையும் தேடிச் சென்ற அனுபவங்களை நூல்களாக எழுதிப் புகழ் பெற்றார். இவருடைய கதைகளில் பல இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களின் காடுகளில் நிகழ்கின்றன. இவர் பயன்படுத்திய வின்செஸ்டர் 1895 வகை நெம்புகோல் துப்பாக்கியும் இவரைப் போலவே வாசகர்களிடம் அறிமுகம் பெற்றது.

வாழ்க்கை

ஐதராபாத்தை அடுத்த பொலாரத்தில் பிறந்தார். இவருடைய முன்னோர் ஸ்காட்லாந்தினர். ஆறு தலைமுறைகளாக இந்தியாவில் குடியிருந்த குடும்பம். தந்தை படைவீரர்களின் ஊதியக் கணக்குகளைக் கவனிக்கும் அலுவலகத்தில் பணியாற்றினார். ஆண்டர்சன் பெங்களூர் பிஷப் காட்டன் பள்ளியிலும் புனித சூசையப்பர் கல்லூரியிலும் கல்வி கற்றார். சட்டம் பயில எடின்பரோ அனுப்பப்பட்டவர் படிப்பை முடிக்காமலேயே திரும்பி வந்தார். அஞ்சல் தந்தித் துறையில் 15 ஆண்டுகள் பணியாற்றிய பின் பெங்களூர் விமானத் தொழிற்சாலையில் திட்டமிடல் பிரிவின் மேலாளராக இருந்தார். எனவே இவர் முழுநேர வேட்டையாளர் அல்லர். வேலைக்கு இடையே கிடைத்த விடுமுறை நாள்களில் காட்டுக்குச் சென்றவர். ஓசூர் வழியாகத் தளி, தேன்கனிக்கோட்டைக் காடுகள் பெங்களூருக்கு அண்மையில் இருப்பதை நோக்கினால் இவருடைய கதைக்களம் இப்பகுதியில் அமைந்த காரணம் விளங்கும்.

கிருஷ்ணகிரிக் காடுகள்

ஆண்டர்சனின் நூல்களில் கிருஷ்ணகிரி மாவட்டம் என்ற பெயரைத் தேடினால் கிடைக்காது. அக்காலத்தில் இப்பகுதி சேலம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. 1965-இல் தருமபுரி மாவட்டமும், அதிலிருந்து 2004-இல் கிருஷ்ணகிரி மாவட்டமும் பிரிக்கப்பட்டன. நூல்களில் வட சேலம் எனக் குறிக்கப்படும் காடுகளே ஜவளகிரி, தளி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி முதலிய ஊர்களைச் சூழ்ந்தவை.

ஜவளகிரிப் பெண்புலியைப் பற்றிய கதை இவருடைய முதல் நூலின் தொடக்கமாகும். துணையைத் தேடும் அப்புலியை, ஆண்புலியின் குரலைத் தாமே எழுப்பி அருகில் வரவழைத்ததாக அதில் விவரித்துள்ளார். கும்மளாபுரத்துச் சிறுத்தையைப் பற்றிய கதையில் அவ்விலங்கின் பாதத்தில் முள்ளம்பன்றி முள் தைத்திருந்ததைக் கண்டு, அதுவே அது மனிதரைத் தாக்கத் தொடங்கிய காரணம் என்கிறார். விலங்கு ஏன் ஆட்கொல்லியாக மாறியது என்று கேட்பது இவருடைய வழக்கம். வெற்றுச் சாகசக் கதைகளிலிருந்து இவரைப் பிரித்துக் காட்டுவதும் அதுவே. இக்காடுகளில் வாழ்ந்த பூசாரிப் பழங்குடியைச் சேர்ந்த பைராவும், பென்னாகரம் பகுதியைச் சேர்ந்த ரங்காவும் இவருக்குக் காட்டைக் கற்பித்த தோழர்கள்.

துப்பாக்கி

வின்செஸ்டர் 1895 வகையை வடிவமைத்தவர் அமெரிக்கரான ஜான் பிரௌனிங். விசைக்குக் கீழே வளையம் போன்ற நெம்புகோல் ஒன்று இருக்கும். அதைக் கீழ்நோக்கி முன்னால் தள்ளினால் வெற்றுத்தோட்டா வெளியேறும். திரும்ப இழுத்தால் அடுத்த தோட்டா குழலுக்குள் ஏறும். அதற்கு முந்தைய வின்செஸ்டர் நெம்புகோல் துப்பாக்கிகளில் தோட்டாக்கள் குழலுக்கு அடியிலுள்ள நீண்ட குழாயில் ஒன்றன்பின் ஒன்றாக இருந்தன. கூர்முனைக் குண்டாயின், சுடும்போது ஏற்படும் அதிர்ச்சியில் அதன் முனை முன்னுள்ள தோட்டாவின் வெடிமுனையில் மோதக்கூடும். பிரௌனிங் தோட்டாக்களை நெம்புகோலுக்கு முன்னே ஒரு பெட்டியில் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி இச்சிக்கலைத் தீர்த்தார்.

ஆண்டர்சனுடைய துப்பாக்கி 0.405 தோட்டாவுக்கானது. 300 கிரெயின் (சுமார் 19 கிராம்) எடையுள்ள குண்டு நொடிக்கு ஏறத்தாழ 670 மீட்டர் வேகத்தில் செல்லும். அமெரிக்கக் குடியரசுத் தலைவராக இருந்த தியோடர் ரூஸ்வெல்ட் 1909-இல் ஆப்பிரிக்க வேட்டைக்கு எடுத்துச் சென்றதும் இவ்வகையே. இரவில் காத்திருக்கும்போது ஆண்டர்சன் துப்பாக்கியில் டார்ச் விளக்கைப் பொருத்திக் கொள்வார்.

துப்பாக்கியின் வயது

ஆண்டர்சனின் கதைகளைப் படித்தோர் பழைய வின்செஸ்டர் ஒன்றைக் காணும்போது அது எந்தக் காலத்தது என்று அறிய விரும்புவது இயல்பு. பலரும் முதலில் பார்ப்பது தேய்மானத்தை. நீலமுலாம் போய்ச் சாம்பல் நிறமான இரும்பும் எண்ணெய் ஏறிக் கறுத்த மரக்கட்டையும் கண்டால் நூறாண்டு பழையது என்று முடிவு கட்டிவிடுவர். இது சரியான வழியன்று. அக்காலத் தோட்டாக்களின் வெடிமுனையில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. சுட்டபின் குழலில் தங்கும் உப்பு காற்றின் ஈரத்தை இழுத்து இரும்பை அரிக்கும். வெந்நீரால் கழுவித் துடைத்து எண்ணெய் இடாவிட்டால் ஒரே பருவமழையில் புதிய குழலும் கெட்டுவிடும். பீரோவில் வைத்துப் பேணியது எண்பது ஆண்டுகளுக்குப் பின்னும் பளபளக்கும். தேய்மானம் கூறுவது உழைப்பையும் பராமரிப்பையும் மட்டுமே.

நம்பத்தக்கவை உலோகத்தில் பொறிக்கப்பட்டவை. முதலாவது தோட்டாவின் அளவு. 0.405 தோட்டா 1904-இல் அறிமுகமானது; ஆகவே அந்த அளவில் செய்யப்பட்ட எந்த 1895 வகைத் துப்பாக்கியும் அதற்கு முந்தையதாக இருக்க இயலாது. துப்பாக்கியின் மேல் 1895 என்று காணப்படுவதைச் செய்த ஆண்டாகக் கொள்வது அடிக்கடி நேரும் பிழை; அது வகையின் பெயரே. இரண்டாவது உடற்பகுதியின் வடிவம். முதலில் செய்த சுமார் 5,000 துப்பாக்கிகளின் பக்கங்கள் தட்டையானவை. பின்வந்தவற்றில் குடைவு உண்டு. மூன்றாவது வரிசை எண். 1940 வரை ஏறத்தாழ 4,25,000 துப்பாக்கிகள் செய்யப்பட்டன. எண்ணை ஆண்டுப் பட்டியலோடு ஒப்பிட்டால் உடற்பகுதி எண்ணிடப்பட்ட காலம் தெரியும். முழுத் துப்பாக்கி ஒன்றுசேர்க்கப்பட்டது சில மாதங்களோ ஆண்டுகளோ கழித்தும் இருக்கலாம்.

மொத்தத்தில் சுமார் 2,94,000 முதல் உலகப் போரின்போது ரஷ்யாவுக்காகச் செய்யப்பட்டவை. தோட்டாக் கொத்தை மேலிருந்து செருக உதவும் வழிகாட்டிகள் உடற்பகுதியில் இருந்தால் அது அத்தகைய படைத்துப்பாக்கி எனலாம். இங்கிலாந்து வழியாக இந்தியா வந்தவற்றில் லண்டன் அல்லது பர்மிங்காம் சோதனைச் சாலையின் முத்திரை இருக்கும். இங்கிலாந்தில் செய்யப்படாதது என்று பொருள்படும் முத்திரையும் இருந்தால், அது சோதிக்கப்பட்டது 1925-க்குப் பின் ஆகும். ஜப்பானின் மிரோக்கு நிறுவனம் பிற்காலத்தில் இதே வகையை மீண்டும் செய்தது. அதன் குழலில் ஜப்பான் என்ற பெயர் காணப்படும்.

இக்கணக்கை ஆண்டர்சனுக்குப் பொருத்திப் பார்ப்பது சுவையானது. பதிவு பெற்ற ஆட்கொல்லி வேட்டையை 1939-இல் தொடங்கியபோது அவருக்கு வயது 29. அவ்வாண்டில் 0.405 வின்செஸ்டர் ஒன்றின் வயது அதிகமாகப் போனால் 35.

எண்ணிக்கை

1939 முதல் 1966 வரை 8 ஆட்கொல்லிச் சிறுத்தைகளையும் 7 ஆட்கொல்லிப் புலிகளையும் சுட்டதாக அரசுப் பதிவுகள் கூறுகின்றன. இதைப்போல் இரு மடங்குக்கு மேற்பட்ட எண்ணிக்கைகளும் வழங்குகின்றன. அவை செவிவழிச் செய்திகள்; பதிவு பெற்ற எண்ணிக்கையோடு கலக்காமல் தனியே வைப்பதே முறை.

எழுத்துப்பணி

ஒன்பது ஆட்கொல்லிகளையும் ஒரு மதயானையையும் பற்றிய முதல் நூல் 1954-இல் லண்டனில் வெளிவந்தது. சிவானிப்பள்ளியின் கருஞ்சிறுத்தை பற்றிய நூல் 1959-இல் வந்தது. இறுதி நூல் இவருடைய மறைவுக்குப் பின் 1976-இல் வெளியாயிற்று. இவர் வீட்டில் வளர்ந்த கரடிக்குட்டியின் கதை தேசியக் கல்வி ஆராய்ச்சி பயிற்சிக் குழுவின் ஒன்பதாம் வகுப்பு ஆங்கிலப் பாடநூலில் இடம்பெற்றிருந்தது. வேட்டையில் பெயர் பெற்றவரை மாணவர் பலர் முதலில் அறிந்தது ஒரு செல்லக் கரடியின் வழியாகத்தான்.

பிற்காலத்தில் காடுகளும் விலங்குகளும் அழிந்து வருவதைப் பற்றி வருந்தி எழுதினார். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-இல் வந்தது. ஈராண்டுகளுக்குப் பின் புற்றுநோயால் பெங்களூரில் காலமானார். கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டக் காடுகளில் 504 சதுர கிலோமீட்டர் பரப்பு 2014-இல் காவேரி வடக்கு வனவிலங்கு சரணாலயமாக அறிவிக்கப்பட்டது.