எழுத்தும் குறியும்: ஓவியர் பணிக்கர் வரலாறு

தருமபுரி மாவட்டத்தில் நடுகற்கள் மிகப் பல. ஆநிரை பொருட்டுப் பொருது மாய்ந்த வீரன் வில்லும் வாளும் ஏந்தி நிற்பான். அவன் தலைக்கு மேல் வட்டெழுத்து வரிகள் ஓடும். காலடியிற் கெண்டியும் சிமிழும் செதுக்கியிருக்கும். இவற்றை அகழ்வைப்பகத்தில் நாம் முதன்முறை கண்ட ஞான்று, நம்முள் ஒருவர்க்கேனும் வட்டெழுத்துப் படிக்க வந்திலது. தமிழ் ஆனர்ஸ் மாணவர்க்கு இது நாணத்தக்கதே! ஆயினும், படிக்கவியலாத அக்கற்களின் முன் நெடுநேரம் நின்றோம். பொருள் தோன்றாமையால், எழுத்து வெறுங் கோடாகவும் வளைவாகவும் நின்று கண்ணைக் கவர்ந்தது. இத்தகைய காட்சியையே தம் வாழ்நாளின் பிற்பகுதி முழுதும் வண்ணத்தில் தேடிய பெரியார் ஒருவர் நம் நாட்டில் இருந்தார். அவரே ஓவியர் கே. சி. எஸ். பணிக்கர்.

பணிக்கர் 1911-ஆம் ஆண்டு மே மாதம் 31-ஆம் நாள் கோயமுத்தூரிற் பிறந்தார். இளமையிலேயே மலையாள நாட்டு வயலும் வாய்க்காலும் தென்னஞ்சோலையும் நீர்வண்ணத்தில் எழுதப் பழகினார். குடும்பப் பொருட்டுச் சிலகாலம் தந்தி இலாகாவில் ஊழியம் செய்தார். பின்னர் அதனைத் துறந்து, 1936-ல், இருபத்தைந்தாம் வயதிற் சென்னை அரசினர் கலைப் பள்ளியில் மாணவராய்ச் சேர்ந்தார். மெரினாவிலுள்ள உழைப்பாளர் சிலையை வடித்த தேவி பிரசாத் ராய் சௌத்ரியே அந்நாளில் அப்பள்ளியின் தலைவர். படிப்பு முடிந்தபின் பணிக்கர் அங்கேயே ஆசிரியரானார். 1944-ல் முற்போக்கு ஓவியர் சங்கத்தைத் தோற்றுவித்தார். 1957-ல் பள்ளித் தலைவராகவும் உயர்ந்தார். மலைப்பிரசங்கத்திற் சமாதானம் செய்வோரைக் குறித்துள்ள வாக்கையே தலைப்பாகக் கொண்டு அவர் 1951-ல் எழுதிய ஓவியம் பலரும் அறிந்தது.

1954-ல் இலண்டனிலும் பாரிஸிலும் தம் ஓவியங்களைக் காட்சிக்கு வைத்தார். மேனாட்டுப் புதுமை ஓவியங்களை நேரிற் கண்டதும் அவருள்ளத்தில் ஒரு கலக்கம் பிறந்தது. அவர்களைப் பின்பற்றி எழுதுதல் எளிது. ஆனால் அஃது இரவல் ஆடையன்றோ? அஜந்தாவையும் பழங்கோயிலையும் திரும்ப எழுதுவதும் மற்றோர் இரவலே. இவ்விரண்டும் அல்லாத தன்வழி யாது? அவ்வினாவுக்கு விடை உடனே கிட்டவில்லை. 'தோட்டம்' என்னும் வரிசை ஓவியங்களில் மனிதரையும் விலங்கையும் அண்மை சேய்மை பாராது ஒரே தளத்திற் பரப்பி எழுதிப் பார்த்தார்.

1963-ல் வழி திறந்தது. அதுவும் எதிர்பாராத இடத்தில். ஒரு மாணவனின் கணக்குக் குறிப்பேடு அவர் கண்ணிற் பட்டது. எண்கள், இயற்கணிதக் குறிகள், வடிவியற் கோடுகள், ரோமன் எழுத்துக்கள் யாவும் அப்பக்கங்களில் நெருங்கிக் கிடந்தன. நமக்கெல்லாம் கணக்கேடு கண்டால் தேர்வச்சமே தோன்றும். பணிக்கருக்கோ ஓவியம் தோன்றிற்று! அவற்றின் பொருளை விடுத்து வடிவினை மட்டும் கொண்டு எழுதத் தொடங்கினார். இதுவே 'சொற்களும் குறிகளும்' என்னும் புகழ்பெற்ற வரிசை.

இவ்வரிசை முன்னரே திட்டமிட்டு வரைந்ததன்று; ஓர் ஓவியம் மற்றொன்றுக்கு வழி காட்ட வளர்ந்தது. எண்ணும் ரோமன் எழுத்தும் சில காலத்தில் விலகின. அவற்றினிடத்தில் மலையாள எழுத்தின் வளைவுகள் வந்து அமர்ந்தன. ஜாதகக் கட்டம் போன்ற சதுரங்கள், மீன், பறவை, பாம்பு, முக்கோணம், வட்டம் ஆகியன ஒன்றன்பின் ஒன்றாக நுழைந்தன. நுண்ணிய வரிகள் ஏட்டுச் சுவடிபோல நிரம்பும். நெருங்கிப் படிக்கப் புகுந்தாலோ ஒரு சொல்லும் தேறாது. எழுத்து வாசகமாகிவிட்டாற் கண் ஓவியத்தை விட்டுப் பொருளின்பின் ஓடிவிடும் ஆதலின், படிக்கவொண்ணாதவாறே அவர் எழுதினார். எழுத்து என்னும் நம் சொல் வரைதலையும் குறிக்கும் என்பதை இங்கு நினைக்க.

ஐம்பத்திரண்டு வயதில், கைவந்த புகழையும் பழகிய கைத்திறத்தையும் ஒதுக்கி இவ்வாறு புறப்படுதல் சிறு துணிவன்று. விளங்காத ஓவியத்தை விலைகொடுத்து வாங்குவார் அரியர். தம்மிடம் பயின்ற இளைஞர்க்கும் இவ்வறுமையே காத்திருக்கும் என்பதை அவர் நன்குணர்ந்தார். ஆதலின் மாணவர் மெழுகும் சாயமுங் கொண்டு பாத்திக் துணி செய்து விற்றனர். அவ்வூதியத்தைத் திரட்டிச் சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்திற் கடலோர நிலம் வாங்கினர். 1966-ல் அங்கே சோழமண்டல ஓவியர் கிராமம் எழுந்தது. பகலிற் கைத்தொழில் சோறளிக்க, ஓவியம் யார் விருப்பத்துக்கும் பணியாது வளரலாயிற்று. நம் மதிப்பில், பணிக்கரின் ஓவியங்களோடு ஒப்ப வைத்தெண்ணத்தக்கது இவ்வூர்.

1967-ல் பள்ளிப் பணியினின்று ஓய்வு பெற்றார்; 1977 ஜனவரியிற் சென்னையில் மறைந்தார். இறுதிவரை சொல்லையும் குறியையும் அவர் விட்டாரல்லர். 1979-ல் திருவனந்தபுரத்தில் அவர் பெயரால் ஒரு சித்திரசாலை அமைந்தது. அவ்வோவியங்களின் முன் மலையாளம் அறியாத நம்போல்வார் வாளா நின்று கண்டு களிக்கலாம். மலையாளம் கற்றவர்க்கே இடர்ப்பாடு மிகுதி, அவர்கள் படிக்க முயன்றுவிடுவர்.