கத்தரிக்கோல் எடுத்த பேராசிரியர்

டிராயிங் ஹாலில் தினமும் ஏ2 ஷீட்டை போர்டில் ஒட்டுகிறோம். 420-க்கு 594 மில்லிமீட்டர் என்று எவன் வைத்தான் இந்த அளவை என்று அலுத்துக்கொள்ளாதவர் நம்மில் உண்டா? அந்தக் கணக்கைத் தேடிப் போனால் ஜெர்மனி நாட்டு இயற்பியல் மேதை லிக்டன்பர்க் முன்னால் போய் நிற்போம்.

1742-ல் டார்ம்ஸ்டாட் நகருக்குப் பக்கத்து ஊரில், ஒரு பாதிரியாருக்கு 17-வது பிள்ளையாகப் பிறந்தவர். சின்ன வயதிலேயே முதுகெலும்பு வளைந்து கூன் விழுந்துவிட்டது. ஒன்பது வயதில் அப்பாவும் போய்விட்டார். அப்படியும் படிப்பை விடவில்லை. 1763-ல் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் மாணவராகச் சேர்ந்து, 1770-ல் அங்கேயே பேராசிரியர் ஆனார். வாயால் பாடம் நடத்திவிட்டுப் போகிறவர் இல்லை. கருவிகளைச் சொந்தக் காசில் வாங்கி, மாணவர் கண்ணெதிரே செய்து காட்டுவார்.

ஒருமுறை, தன்னிடம் அல்ஜீப்ரா படித்த ஆங்கிலேய இளைஞருக்கு ஒரு கணக்குக் கொடுத்தார். ஒரு தாளைப் பாதியாக மடித்தாலும், அதையும் பாதியாக மடித்தாலும், நீள அகல விகிதம் மாறவே கூடாது. அந்தத் தாள் எப்படி இருக்க வேண்டும்?

நாமும் போட்டுப் பார்க்கலாம். அகலம் 1, நீளம் x என்று வையுங்கள். மடித்த பிறகு நீளம் 1, அகலம் x/2. விகிதம் மாறாது என்றால் x = 2/x. அதாவது x² = 2. விடை √2, சுமார் 1.414. நம்ம ஷீட்டில் 594-ஐ 420-ஆல் வகுத்தாலும் அதேதான்!

அந்த அளவில் ஒரு தாளை வெட்டிப் பார்ப்போம் என்று கத்தரிக்கோலோடு சாதாரண எழுதும் தாள் ஒன்றை எடுத்தார். அளந்தால், வெட்ட வேலையே இல்லை. தாள் ஏற்கெனவே அந்த விகிதத்தில்தான் இருந்தது! 1786 அக்டோபர் 25-ல் பெக்மான் என்ற பேராசிரியருக்கு இதைச் சந்தோஷமாகக் கடிதத்தில் எழுதினார். காகிதம் செய்பவர்களுக்கு இப்படி ஒரு விதி இருக்கிறதா, இல்லை வழிவழியாக வந்த பழக்கமா என்றும் கேட்டிருந்தார். எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இதுதான். தாள் செய்கிற தொழிலாளியின் கை தனக்கு முன்பே அங்கே போய்ச் சேர்ந்துவிட்டதை மறைக்காமல் எழுதினார் பாருங்கள்!

1799-ல் அவர் மறைந்தார். 1922-ல் போர்ஸ்ட்மான் என்ற ஜெர்மானியர் இதே விகிதத்தோடு இன்னொன்றையும் சேர்த்தார்: ஏ0 தாளின் பரப்பு ஒரு சதுர மீட்டர். அதை நாலு தடவை பாதியாக்கினால் ஏ4. 80 கிராம் தாள் என்றால் ஏ0 எடை 80 கிராம். ஏ4 அதில் பதினாறில் ஒன்று, 5 கிராம். தராசே வேண்டாம்! இந்தியா இந்த அளவுகளை 1957-ல் ஏற்றது.

இன்னொரு சங்கதி. 1777-ல் மின்சாரம் ஏற்றிய தட்டின் மேல் பிசின் தூள் படிந்து நட்சத்திரம் போல உருவம் விழுவதைக் கண்டவரும் இவரே. மின்னேற்றம் இருக்கும் இடத்தில் தூள் ஒட்டும் என்ற அதே விஷயத்தை வைத்துத்தான் 1938-ல் அமெரிக்காவில் கார்ல்சன் முதல் ஜெராக்ஸ் நகலை எடுத்தார்.

தர்மபுரியில் எந்த ஜெராக்ஸ் கடையிலும் ஏ3 டிராயிங்கை ஏ4 ஆக்கச் சொல்லிப் பாருங்கள். மெஷினில் 71% என்று வரும். அது 1-ஐ √2-ஆல் வகுத்த விடை.