செம்பை வைத்தியநாத பாகவதர்

நம் பாலக்காட்டுக்குப் பெருமை சேர்த்த மஹான்களில் செம்பை வைத்தியநாத பாகவதரைப் பற்றி இளைய தலைமுறைக்குச் சில விஷயங்கள் சொல்ல வேண்டும் என்பது என் வெகுநாள் ஆசை. நான் சங்கீதம் முறையாகக் கற்றவனல்ல. விஞ்ஞானம் படித்து, சர்க்கார் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவன். கேள்வி ஞானம் மட்டுமே உண்டு.

கோட்டாயியை அடுத்த செம்பை கிராமத்தைச் சேர்ந்த பாகவதர் 1896ஆம் வருஷம் பிறந்தார். தகப்பனார் அனந்த பாகவதர்தான் முதல் குரு. 1904ல் சகோதரருடன் ஒற்றப்பாலத்தில் அரங்கேற்றம் நடந்தது. பிறகு தென்னாடு முழுவதும் கச்சேரிதான்.

மைக் இல்லாத காலம் அது. கோயில் மைதானத்தில் கடைசி வரிசைக்கும் கேட்கும்படி, வாயை நன்கு திறந்து, அகாரம் சுத்தமாகப் பாடுவார். ஆண் குரலில் தொண்டையின் நாண்கள் வினாடிக்கு நூறு தடவைக்கு மேல் அதிரும். மூன்று மணி நேரக் கச்சேரியில் எத்தனை லட்சம் அதிர்வு என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்தத் தொண்டைதான் அவருடைய முழு மூலதனம்.

பக்கவாத்தியக்காரர்களைத் தூக்கிவிடுவதில் அவருக்கு நிகர் அவரே. மைசூர் சௌடய்யா, பாலக்காடு மணி அய்யர் இருவரும் இளம் வயதில் அவர் மேடையில் பிரகாசித்தவர்கள். பழனி சுப்பிரமணிய பிள்ளை இடது கையால் மிருதங்கம் வாசிப்பவர். அதனால் மேடையில் உட்காரும் இடத்தை மாற்றிக்கொள்ள வேண்டும் என்று சிலர் தயங்கியபோது, அவரையும் ஆதரித்து முன்னுக்குக் கொண்டுவந்தார்.

1951ல் மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி பட்டம் கிடைத்தது. ஆனால் 1950களின் தொடக்கத்தில்தான் பெரும் சோதனையும் வந்தது. குரல் அடைத்துப் பாடவே முடியாமல் போயிற்று. பாடகனுக்கு இதைவிட என்ன கஷ்டம் வேண்டும்? குருவாயூரப்பனே கதி என்று பிரார்த்தித்தார். வைத்தியமும் நடந்தது. குரல் திரும்பியது. மருந்தா, பகவத் கிருபையா என்று விஞ்ஞானம் படித்த என்னைக் கேட்டால், இரண்டும் என்பேன். அவருக்குச் சந்தேகமே கிடையாது. அதன் பின் கச்சேரி வருமானத்தைக் குருவாயூரப்பனுக்கே அர்ப்பணித்தார்.

தமக்குத் திரும்பக் கிடைத்த வித்தையை அவர் பூட்டி வைக்கவில்லை. டி.வி. கோபாலகிருஷ்ணன், ஜயன்-விஜயன் சகோதரர்கள், பி. லீலா, கே.ஜே. யேசுதாஸ் எல்லோரும் அவர் சிஷ்யர்கள். யேசுதாஸ் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர். ஆசாரமான குடும்பத்தில் பிறந்த பாகவதர், சிஷ்யனிடம் ஜாதி மதம் பார்க்கவில்லை. சாரீரத்தையும் சிரத்தையையும்தான் பார்த்தார். நம் சமூகத்தார் ஊன்றி யோசிக்க வேண்டிய விஷயம் இது.

1973ல் பத்மபூஷண் விருது வந்தது. 1974 அக்டோபர் 16ஆம் தேதி, அரங்கேற்றம் நடந்த அதே ஒற்றப்பாலத்தில், பூழிக்குன்று கிருஷ்ணன் கோயிலில் கச்சேரி செய்தார். இரயிம்மன் தம்பியின் கருணை செய்வான் கீர்த்தனையை யதுகுல காம்போதியில் பாடி முடித்தார். சற்று நேரத்தில் உயிர் பிரிந்தது. கடைசி நாள் வரை குரல் அவரைக் கைவிடவில்லை.

பாலக்காட்டு அரசு சங்கீதக் கல்லூரி இன்று அவர் பெயர் தாங்கி நிற்கிறது. குருவாயூர் ஏகாதசியை ஒட்டி நடக்கும் செம்பை சங்கீதோற்சவத்தில் வருஷா வருஷம் ஆயிரக்கணக்கானோர் பாடுகிறார்கள். அன்பர்கள் பேரக்குழந்தைகளை ஒரு தடவையாவது அங்கே அழைத்துச் செல்ல வேண்டுகிறேன். செம்பை கிராமத்துப் பார்த்தசாரதி கோயிலையும் தரிசித்து வாருங்கள்.