காணாத மகளைப் படிக்க வைத்த டாக்டர் ஆக்னஸ் மக்லாரன்

ஓர் ஊருக்கு ஆஸ்பத்திரி கட்டித் தருவது பெரிய தர்மம். அங்கே இருந்து நோயாளியைக் கவனிக்க ஒருவரைப் படிக்க வைப்பது அதனினும் பெரிய தர்மம். இதைத் தம் முதுமையில் செய்து காட்டிய ஒரு பெண்மணியின் வரலாற்றைப் பொன்விழாக் காணும் நம் பங்கு மக்கள் அறிவது நலம்.

ஆக்னஸ் மக்லாரன் 1837-ஆம் ஆண்டு ஜூலை 4-ஆம் நாள் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் பிறந்தார். தந்தை டங்கன் மக்லாரன் நகரத் தலைவராகவும் பின்னர் பார்லிமெண்டு அங்கத்தினராகவும் விளங்கியவர். குடும்பம் பிரிஸ்பிட்டேரியன் சபையைச் சேர்ந்தது. அந்நாளில் அங்கே பெண்கள் வைத்தியப் பட்டம் பெற வழியில்லை. ஆகவே ஆக்னஸ் பிரான்சு நாட்டின் மோன்பெலியே சர்வகலாசாலையில் சேர்ந்தார். பிரான்சிஸ்கன் கன்னியர் மடத்தில் தங்கிப் படித்து, 1878-இல் டாக்டரானார். பின்னர் பிரான்சின் கான் நகரில் நோயாளிகளைக் கவனித்து வந்தார். 1898-இல், அறுபது வயதைக் கடந்த பின், கத்தோலிக்கத் திருமறையைத் தழுவினார்.

அக்காலத்தில் பஞ்சாபில் பணிபுரிந்த மில்ஹில் சபைக் குரு டொமினிக் வாக்னர் சுவாமிகள் மூலம், இன்று பாகிஸ்தானில் உள்ள ராவல்பிண்டிப் பகுதிப் பெண்களின் நிலை அவருக்குத் தெரிய வந்தது. கோஷா முறையில் வாழ்ந்த அப்பெண்கள் ஆண் டாக்டரிடம் தங்களைக் காட்ட மாட்டார்கள். பெண் டாக்டரோ கிடைப்பதரிது. பிரசவ வேதனையில் தாயும் சேயும் கவனிப்பாரின்றி மாண்டனர். இதைக் கேட்ட ஆக்னஸ் லண்டனில் ஒரு குழு அமைத்துப் பொருள் திரட்டினார். 72 வயதில் தாமே கப்பலேறி இந்தியா வந்தார். 1909-இல் ராவல்பிண்டியில் புனித கத்தரீனம்மாள் ஆஸ்பத்திரி தோன்றியது.

கட்டடம் எழுந்துவிட்டது, நிலையாக இருந்து வைத்தியம் பார்க்க ஆள் வேண்டுமே! கன்னியர் டாக்டராகலாமென்றால் திருச்சபைச் சட்டம் அதற்கு இடங்கொடுக்கவில்லை. பிரசவம் பார்ப்பது வார்த்தைப்பாடு கொடுத்தவர்களுக்குத் தகாது எனத் தடை இருந்தது. ஆக்னஸ் பலமுறை ரோமாபுரி சென்று மன்றாடினார். கதவு திறக்கவில்லை. அவர் முறுமுறுக்கவுமில்லை, கைவிடவுமில்லை. படித்து இந்தியாவுக்குச் செல்ல மனமுள்ள இளம்பெண்களைத் தேடலானார்.

அத்தேடுதல் ஆஸ்திரியா நாட்டு மலைக்கிராமம் ஒன்றை எட்டியது. திரோல் பகுதியிலுள்ள ஸ்டேக் என்னும் சிற்றூரில் 1892-இல் பிறந்து, சிறுவயதிலேயே தாயை இழந்த அன்னா டெங்கல், டாக்டரம்மாளுக்குக் கடிதம் எழுதினார். பிரிட்டிஷ் பட்டம் இருந்தால்தான் இந்தியாவில் வைத்தியம் செய்யலாம் என்பதால், அயர்லாந்தின் கார்க் நகரில் படிக்கும்படி ஆக்னஸ் வழிகாட்டினார். படிப்புக்கு உதவித்தொகை கிடைக்கவும் பாடுபட்டார். ஆனால் அன்னா டாக்டராவதைக் காண அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. 1913 ஏப்ரல் 17-ஆம் நாள் பிரான்சின் ஆன்டிப் நகரில் இறைவனடி சேர்ந்தார். இருவரும் ஒருவரையொருவர் நேரில் பார்த்ததே கிடையாது.

வழிகாட்டியவர் மறைந்தாலும் அன்னா பின்வாங்கவில்லை. 1919-இல் டாக்டர் பட்டம் பெற்று, 1920-இல் ராவல்பிண்டி சேர்ந்தார். தனியொருத்தியாய்ப் பணி ஓயாது என்றுணர்ந்து, 1925-இல் அமெரிக்காவின் வாஷிங்டன் நகரில் மூன்று துணைவியருடன் மருத்துவப் பணிச் சகோதரிகள் சபையைத் தொடங்கினார். 1936-இல் ரோமாபுரி பழைய தடையை நீக்கியது. ஆக்னஸ் தட்டிய கதவு, அவர் இறந்து 23 ஆண்டுகளுக்குப் பின் திறந்தது! அன்னா தாயாரின் சகோதரிகள் வட இந்தியாவிலும் கேரளத்திலும் ஏழைகளுக்குத் தொண்டு புரிந்தனர். அன்னா 1980-இல் மறைந்தார். அந்த நாளும் ஏப்ரல் 17 ஆக அமைந்ததை என்னென்பது!

அன்புள்ள பங்கு மக்களே! நம்மிடையேயும் நன்றாகப் படித்தும், பணமில்லாத காரணத்தால் வீட்டோடு நின்றுவிடும் பிள்ளைகள் உண்டு. ஒரு பிள்ளையை டாக்டராகவோ நர்சாகவோ ஆக்கிவிட்டால், இரவில் பிரசவ வலி கண்ட பெண்ணை வண்டி தேடித் தூக்கிக்கொண்டு ஓடும் அவலம் சில குடும்பங்களுக்காவது தீரும். நாம் கொடுப்பதன் பலனை நாமே காண்போம் என்பதில்லை. ஆக்னஸ் அம்மையாரும் காணவில்லை. விதைத்தவர் ஒருவர், அறுத்தவர் வேறொருவர், விளைச்சல் ஏழைகளுக்கு. பொன்விழா நினைவாக நம் பங்கு ஒரு பிள்ளையின் படிப்பை ஏற்றுக்கொள்ளுமானால், விழாப் பந்தலைப் பிரித்த பின்னரும் இவ்விழா நிலைத்து நிற்கும்.